கொலை சித்திரையில், பிணம் மார்கழியில்!

மார்கழி பிறந்துவிட்டால் எடப்பாடியில் விடியற்காலை மூன்று சத்தங்கள் கேட்கும். ஒன்று, கோயில் ஒலிபெருக்கி. இரண்டு, விசைத்தறி. (இது மற்ற பதினோரு மாதங்களும் கேட்கும், கரண்ட் இருந்தால்!) மூன்றாவது, ஏதாவது ஒரு வீட்டு வாசலில் 'ர்ர்ர்... ர்ர்... ர்...' என்று இழுத்து இழுத்து, கடைசியில் 'டிக்' என்று அடங்கிப்போகும் காரின் சத்தம்.

அடுத்து நடப்பது எல்லாத் தெருவிலும் ஒன்றுதான். கார்க்காரர் இறங்கி, பானெட்டைத் தூக்கி உள்ளே பார்ப்பார். எதைப் பார்க்கிறோம் என்று அவருக்கே தெரியாது. ஆனாலும் பார்ப்பார். எதிர்வீட்டுக்காரர் வேப்பங்குச்சியும் மப்ளருமாக வந்து சேர்வார்.

"ஏனுங்க, கெளம்பலீங்களா?"

"நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தானுங்க ஓடுச்சு."

"குளுருதானுங்க. வேறென்ன?"

முடிந்தது கேஸ். சாட்சி இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. குளிருக்குத் தண்டனை கொடுத்தாகிவிட்டது.

இந்தத் தீர்ப்பை எதிர்த்து அப்பீலுக்குப் போக நிறைய இடம் இருக்கிறது. குளிர் சுத்த நிரபராதி என்று வாதாடப் போவதில்லை. அதற்கும் பங்கு உண்டு. ஆனால் முதல் குற்றவாளி வேறு ஆள். அந்த ஆசாமியை அப்புறம் கூண்டில் ஏற்றுவோம். முதலில் குளிர் மேல் உள்ள குற்றப்பத்திரிகையைப் படித்துவிடலாம்.

* * *

எஞ்சின் ஒரு விசித்திரமான சோம்பேறி. ஓட ஆரம்பித்துவிட்டால் தன் காலிலேயே ஓடும். முதல் அடியை மட்டும் அதனால் எடுத்து வைக்க முடியாது. யாராவது பிடித்து நிமிஷத்துக்கு நூற்றைம்பது, இருநூறு சுற்றாவது சுற்றிவிட வேண்டும். அப்போதுதான் காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்கும், அமுக்கும், பற்ற வைக்கும்.

அந்தக் காலத்தில் சுற்றிவிட்டது மனிதனின் கைதான். காரின் மூக்கில் ஒரு ஓட்டை, அதில் நுழைக்க வளைந்த ஒரு இரும்பு ஹேண்டில். எஞ்சின் எதிர்ப்பக்கமாக ஒரு உதை விட்டால் மணிக்கட்டு போயிற்று. தோட்டத்துக் கிணற்றில் ஆயில் எஞ்சின் வைத்திருந்த பெரியவர்களைக் கேட்டால் இன்றைக்கும் கதை கதையாகச் சொல்வார்கள். லீவரைத் தூக்கிவிட்டு (இல்லாவிட்டால் உள்ளே அமுங்குகிற காற்று சுற்றவிடாது), மூச்சு வாங்கச் சுற்றி, சக்கரம் வேகம் பிடித்ததும் லீவரைத் தட்டிவிட்டு, ஹேண்டிலோடு பின்வாங்க வேண்டும். ஜல்லிக்கட்டுக்குக் கொஞ்சம்தான் குறைச்சல்.

சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்க எஞ்சினீயர் இதற்கு ஒரு வழி பண்ணினார். அவர் உருவாக்கிய எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் 1912-ம் வருஷ கேடிலாக் கார்களில் வந்தது. கையின் வேலை பேட்டரிக்குப் போனது. மணிக்கட்டுகள் பிழைத்தன. பேட்டரிக்குக் கஷ்டகாலம் ஆரம்பித்தது.

* * *

இப்போது குளிர் வருகிறது. அது முதலில் கை வைப்பது எண்ணெயில்.

மார்கழியில் உங்கள் வீட்டுத் தேங்காயெண்ணெய் பாட்டிலைப் பாருங்கள். தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு வராது. தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸிலேயே உறைந்துவிடும். சேலம் சமவெளியில் மார்கழி, தை விடியற்காலைகளில் 18, 20 டிகிரி என்பது சர்வசாதாரணம். அதனால்தான் பின்னலுக்கு எண்ணெய் வேண்டுமென்றால் பாட்டில் வெயிலுக்கு வந்தாக வேண்டியிருக்கிறது.

எஞ்சின் ஆயில் இப்படிக் கட்டியாகாது. ஆனால் தடிக்கும். ஓடிச் சூடான எஞ்சினில் தண்ணீராக ஓடுகிற அதே ஆயில், காலையில் பாவுக்குப் போடுகிற கஞ்சி மாதிரி நிற்கும். பிஸ்டனும் கிராங்க் ஷாஃப்டும் அந்தக் கஞ்சிக்குள்தான் அசைய வேண்டும்.

ஆயில் டின்னில் 20டபிள்யூ-40, 5டபிள்யூ-30 என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த 'டபிள்யூ'வுக்கு வெயிட் என்று பலரும் அர்த்தம் சொல்வதுண்டு. இல்லை, விண்டர்! குளிர்காலம்! டபிள்யூவுக்கு முன்னால் இருக்கிற எண் குறையக் குறைய, குளிரில் ஆயில் இளக்கமாக இருக்கும். 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும், 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30-லும் வைத்து, எஞ்சினைச் சுற்றவிடுகிறதா என்று சோதிக்கிறார்கள்.

குளிர் அடுத்துக் கை வைப்பது பேட்டரியில். பேட்டரிக்குள் கரண்ட் மூட்டை கட்டி வைத்திருக்கவில்லை. ஈயத் தகடுகள், நீர்த்த கந்தக அமிலம், அவ்வளவுதான். நீங்கள் சாவியைத் திருகும்போது உள்ளே ரசாயனம் நடந்து அந்த நிமிஷத்தில் மின்சாரம் பிறக்கிறது. எந்த ரசாயனமும் குளிரில் மந்தமாகும். மைனஸ் 18 டிகிரிக்குப் போனால் பேட்டரியின் பலம் ஏறக்குறைய பாதிதான்.

"லைட் எரியுதுங்க, ஹாரன் அடிக்குதுங்க, பேட்டரி எப்படிங்க போயிருக்கும்?" என்று மெக்கானிக்கோடு மல்லுக்கு நிற்பவர்கள் உண்டு. இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து எடுத்துக்கொள்வது ஒன்பது, பத்து ஆம்பியர். ஸ்டார்ட்டர் கேட்பதோ நூறு, இருநூறு! ஊதுபத்தி வாங்கச் சில்லறை இருக்கிறது என்பதற்காகக் கல்யாணச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று அர்த்தமா?

மூன்றாவது, பெட்ரோல். பெட்ரோல் எரியும் என்கிறோம். உண்மையில் எரிவது பெட்ரோல் இல்லை, பெட்ரோலின் ஆவி. ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு எடையுள்ள காற்று சேர்ந்தால் கணக்குச் சரியாக வரும். குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. துளித் துளியாக சிலிண்டர் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். கணக்குப்படி பெட்ரோல் உள்ளே இருக்கும். பற்றுவதற்கு ஆவி இருக்காது. ஈர விறகோடு போராடிய அம்மாக்களுக்கு இது புரியும்.

இதற்குத்தான் பழைய கார்களில் சோக் இருந்தது. ஆங்கிலத்தில் அந்த வார்த்தைக்குக் கழுத்தை நெரிப்பது என்று அர்த்தம். காற்றுப் பாதையை நெரித்து, பெட்ரோலை அதிகமாக அனுப்புவது. பத்துப் பங்கு அனுப்பினால் இரண்டு பங்காவது ஆவியாகாதா என்ற நப்பாசை! ரொம்ப நேரம் இழுத்துப் பிடித்தால் பிளக் நனைந்துபோகும். ஸ்கூட்டரை ஒரு பக்கமாகச் சாய்த்து, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் இறங்கட்டும் என்று காத்திருந்து, நிமிர்த்தி உதைத்த குடும்பத் தலைவர்களை நினைவிருக்கிறதா? பின் சீட்டு மனைவி கையில் டிபன் பாக்ஸோடு ஓரமாக நிற்பார்.

கார்களில் 2000-த்தை ஒட்டிய வருஷங்களில் கார்புரேட்டர் போய், இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. பாரத் ஸ்டேஜ் ஆறு விதிகள் 2020 ஏப்ரலில் அமலுக்கு வந்தபோது, புது டூவீலர்களிலும் பெரும்பாலும் போய்விட்டது. இப்போது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் எஞ்சின் சூட்டைப் பார்த்து, வேண்டிய பெட்ரோலைத் தானே தெளித்துக்கொள்கிறது. சோக் தெரியாத ஒரு தலைமுறையே கார் ஓட்டுகிறது.

ஆக, மூன்று சங்கடங்களும் ஒரே நேரத்தில்! ஆயில் தடித்ததால் சுற்ற அதிக பலம் வேண்டும். பெட்ரோல் முரண்டு பண்ணுவதால் அதிக நேரம் சுற்ற வேண்டும். அன்றைக்குப் பார்த்து பேட்டரி பலம் குறைவு. தீபாவளி மாதத்தில் சம்பளம் பாதியானால் எப்படி இருக்கும்? அப்படி.

* * *

எடப்பாடியிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால் சங்ககிரி. லாரிகளின் ஊர். பக்கத்தில் திருச்செங்கோடு, நாமக்கல். இந்த வட்டாரத்து லாரிகள் வடக்கே பஞ்சாப் வரைக்கும் போய்வருபவை. குளிர் என்றால் என்ன என்று நிஜமாகத் தெரிந்தவர்கள் அந்த டிரைவர்கள்தான்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பதினாறில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்காக நசுக்கினால் அது ஐந்நூறு டிகிரிக்கு மேல் கொதிக்கும். அந்தக் கொதிப்பில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பக்கம் சுடுகிறதே, அதே சமாசாரம்தான். குளிர்ந்த இரும்புச் சுவர் அந்தச் சூட்டைத் திருடிக்கொண்டால் டீசல் பற்றாது. வெள்ளைப் புகைதான் வரும். அதனால்தான் பழைய டீசல் கார்களில் சாவியைப் பாதி திருகி, ஹீட்டர் பிளக் சூடாகும் வரை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார்கள்.

டீசலுக்கு இன்னொரு வியாதியும் உண்டு. அதற்குள் மெழுகு கரைந்திருக்கிறது. குளிர் கூடினால் மெழுகு வெளியே வந்து ஃபில்ட்டரை அடைத்துவிடும். தேங்காயெண்ணெய் கதைதான். நம் நாட்டுத் தர விதிப்படி, குளிர்கால டீசல் 6 டிகிரி வரையிலும், கோடைகால டீசல் 18 டிகிரி வரையிலும் ஃபில்ட்டரை அடைக்காமல் ஓட வேண்டும். பஞ்சாபில் ஜனவரி ராத்திரிகள் 6 டிகிரிக்கும் கீழே போவதுண்டு. அதன் பிறகு டீசலின் தயவு. லடாக்கில் இந்தக் கணக்கெல்லாம் எடுபடாது. அங்கே மைனஸ் 30 வரைகூட இறங்கும். அதனால் 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்குக்கென்றே மைனஸ் 33 டிகிரி வரை இறுகாத டீசலைக் கொண்டுவந்தது.

இந்த விஷயம் தெரியாத இடங்களில் நடப்பதுதான் பயங்கரம். டேங்க்குக்கு அடியில் பழைய துணியையும் டயர் துண்டையும் போட்டுத் தீ மூட்டுவார்கள். டீசல் இளகும், கொஞ்சம் தவறினால் லாரியும் இளகும். அதைவிட மோசம், கேபினுக்குள் கரி அடுப்பு. கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, கால்மாட்டில் கரித்தணலை வைத்துக்கொண்டு தூங்குவது. கரி அரைகுறையாக எரியும்போது வருகிற கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தை, அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவர் விழித்துக்கொள்ளவே மாட்டார். வடக்கே குளிர்காலத்தில் இப்படிச் செத்தவர்கள் செய்தி அடிக்கடி வரும். உங்கள் வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ யாராவது வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போனால், இரண்டு கம்பளி கொடுத்தனுப்புங்கள். கரி அடுப்பு வேண்டாம் என்று சொல்லியனுப்புங்கள்.

உள்ளூரிலும் இதன் தம்பி உண்டு. ஷட்டர் போட்ட கார் ஷெட்டுக்குள், "எஞ்சின் கொஞ்சம் சூடாகட்டும்" என்று ஓடவிட்டு, வீட்டுக்குள் காபி குடிக்கப் போவது. அதே விஷம்தான். வண்டியை வெளியே எடுத்த பிறகு சூடாகட்டும். இன்றைய கார்களுக்கு அரை நிமிஷம் போதும். முதல் சில கிலோமீட்டர் விரட்டாமல் ஓட்டினால் சரி.

* * *

சரி, அப்பீலுக்கு வருவோம்.

கனடாவில் வின்னிபெக், எட்மன்டன் பக்கம் இருக்கிற நம்மவர்கள் ராத்திரி செல்போனோடு சேர்த்துக் காருக்கும் வயர் சொருகிவிட்டுத் தூங்கப் போவார்கள். எலெக்ட்ரிக் கார் என்று நினைக்காதீர்கள். சாதாரணப் பெட்ரோல் கார்தான். எஞ்சினைக் கதகதப்பாக வைத்திருக்கும் ஹீட்டர் அது. கார் நிறுத்துமிடங்களில் பிளக் பாயின்ட் வரிசையாக இருக்கும். வெளியே மைனஸ் 30!

எடப்பாடியில் பிளஸ் 18. அந்த ஊர்க்காரர்கள் பனியன் போட்டுக்கொண்டு வாக்கிங் போகிற வெயில் இது! இந்த 18 டிகிரியில் நல்ல பேட்டரியின் பலம் பத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. ஆயில் கொஞ்சம் தடிக்கும். எஞ்சின் சுற்றாமல் போகிற அளவுக்கு இல்லை. பெட்ரோலை கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். அப்புறம் ஏன் கார் கிளம்பவில்லை?

ஏனென்றால் பேட்டரியின் கொலை மார்கழியில் நடக்கவில்லை. சித்திரையில் நடந்தது. பிணம் கிடைத்ததுதான் மார்கழியில். கொலையாளி, குளிர் இல்லை. வெயில்!

சித்திரையில் சேலம் மாவட்டத்து வெயில் 40 டிகிரியைத் தொடும். ஓடி வந்து நின்ற காரின் பானெட்டுக்குள் அறுபதைத் தாண்டும். அங்கேதான் பேட்டரி உட்கார்ந்திருக்கிறது. பத்து டிகிரி கூடினால் உள்ளே தகடுகள் அரிபடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பேட்டரிக்காரர்களின் தோராயக் கணக்கு. தண்ணீர் ஆவியாகும். தகட்டின் மேல்பகுதி வெளியே தெரிந்து காயும். நம் ஊரில் ஒரு பேட்டரி மூன்று, நான்கு வருஷம் உழைத்தால் பெரிய விஷயம். குளிர் தேசங்களில் அதைவிட அதிகம் உழைக்கிறது.

சித்திரையில் அடி வாங்கிய பேட்டரி உடனே விழாது. ஆடி, ஆவணியில் எஞ்சின் ஆயில் இளக்கமாக இருக்கும். ஸ்டார்ட்டர் கொஞ்சம் கேட்டாலே போதும். மீதமிருக்கிற பலத்தை வைத்துச் சமாளிக்கும். வெளியே தெரியாமல் நோயை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகிற குடும்பஸ்தன் மாதிரி. மார்கழியில் கூடுதலாக ஒரு பிடி பலம் கேட்டதும் பொத்தென்று விழுகிறது. ஊர், குளிரைப் பார்க்கிறது.

எடப்பாடிக்காரர்கள் தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடந்தே போகிறவர்கள். கார் கிளம்பவில்லை என்பதற்கெல்லாம் கலங்குகிறவர்கள் இல்லை. ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு வீட்டுப் பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டால்? அந்த நேரத்தில் வருகிற 'டிக்' சத்தத்துக்கு விலை ரொம்ப அதிகம்.

* * *

அதனால் சில காரியங்கள். எல்லாம் மழைக்காலம் முடிவதற்குள் செய்ய வேண்டியவை.

ஒரு சாதாரண மீட்டரை வாங்கி, ராத்திரி நிறுத்திய காரின் பேட்டரியைக் காலையில் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் ஆரோக்கியம். 12.2 என்றால் பாதிதான் சார்ஜ். ஸ்டார்ட் பண்ணும்போது பத்து வோல்ட்டுக்கும் கீழே விழுந்தால் தனியாக எச்சரிக்கை தேவையில்லை. ஆனால் 12.6 காட்டுகிற கிழட்டு பேட்டரியும் உண்டு. அதனால் மூன்று வருஷம் தாண்டியிருந்தால் கடையில் லோடு வைத்து டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கள். பத்து நிமிஷ வேலை.

தண்ணீர் ஊற்றுகிற பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். காவிரித் தண்ணீர் குடிக்க அமிர்தம். பேட்டரிக்கு அதிலுள்ள உப்பு ஆகாது. டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றித் துடைத்து, வாஸ்லைன் தடவுங்கள். பாதி வண்டிகளுக்கு வைத்தியம் இதிலேயே முடிந்துவிடும்.

கிளம்பாத நாளில், ஒரே மூச்சில் அரை நிமிஷம் சாவியைப் பிடித்துத் தொங்காதீர்கள். பத்து வினாடி, அப்புறம் அரை நிமிஷம் ஓய்வு. இன்னொரு காரிலிருந்து கரண்ட் கடன் வாங்கினால் சிவப்பு வயர் சிவப்போடு. கறுப்பு வயரின் கடைசி முனையை மட்டும் படுத்த பேட்டரியில் மாட்டாமல், எஞ்சினின் வெறும் இரும்பில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். பக்கத்தில் பொறி பறந்தால் ஆபத்து.

எல்லாவற்றுக்கும் மேலாக, சித்திரையில் காரை நிழலில் நிறுத்துங்கள். புளியமரமோ வேப்பமரமோ, எது கிடைக்கிறதோ அது. மேலே காக்கை எச்சம் விழும்தான். கழுவிக்கொள்ளலாம்.